பெங்களூரிலிருந்து கொழும்பு: 710 கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றரை மணி நேரம்?

பெங்களூரில் குடியிருப்பவர்களுக்கு மும்பையைவிடக் கொழும்புதான் பக்கம். தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து மும்பை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 835 கிலோமீட்டர். கொழும்புக்கான, கட்டுநாயக்காவிலுள்ள பண்டாரநாயக்க விமான நிலையம் ஏறக்குறைய 710 கிலோமீட்டர்தான். டெல்லியோ 1,700 கிலோமீட்டரை ஒட்டி வரும். இருந்தாலும் மும்பைக்குப் போய்வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கொழும்பு என்றால் மட்டும் ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டில் பேச்சு தொடங்கிவிடுகிறது. பாஸ்போர்ட், இமிக்ரேஷன், வேறு நாட்டுப் பணம் என்று வந்துவிட்டால் பக்கத்து ஊரும் மனசுக்குள் எட்டிப் போய்விடுகிறது.

அல்சூர், சிவாஜிநகர், முருகேஷ்பாளையா, ஓசூர் ரோடு என்று தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் இலங்கையில் சொந்தம் உள்ள குடும்பங்கள் உண்டு. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தோட்டங்களில் வேலை பார்த்த 5,25,000 தமிழர்களை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. வந்தவர்களில் பலர் நீலகிரிக்குப் போனார்கள். கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களும் உண்டு. அடுத்த தலைமுறை வேலை தேடி பெங்களூருக்கு வந்தது. அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று பிரிந்த குடும்பங்களில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் முதலில் எழும் கேள்வி: “எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?” இணையத்தில் தேடினால் இரண்டு எண்கள் உடனே வந்து விழும். அந்த எண்களுக்குள் என்ன இருக்கிறது, எது விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் பயணத்தைத் திட்டமிட்டால் சிரமப்படுவது வயதானவர்களும் குழந்தைகளும்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தூரம். 710 கிலோமீட்டர் என்பது உருண்டையான பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இரண்டு ஓடுபாதைகளுக்கும் நடுவே வரும் மிகக் குறுகிய நீளம். ஒரு தளம் 710 என்றும், இன்னொன்று 441 என்றும், வேறொன்று 383 என்றும் காட்டினால் குழம்ப வேண்டாம். மூன்றும் ஒரே தூரம்தான்: முதலாவது கிலோமீட்டர், அடுத்தது சாதாரண மைல், கடைசியாக உள்ளது விமானிகளும் மாலுமிகளும் கணக்கிடும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானி மைக்கில் “இன்னும் 100 மைல்” என்று சொன்னால் அது 185 கிலோமீட்டர்; 160 அல்ல.

சில தளங்கள் 716 என்று காட்டும். அவை ஊரின் மையத்திலிருந்து ஊரின் மையத்துக்கு அளக்கின்றன. இங்கே ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. தேவனஹள்ளி பெங்களூருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். கட்டுநாயக்காவும் கொழும்புக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். இரண்டு விமான நிலையங்களும் தத்தம் ஊருக்கு வடக்கில், ஏறக்குறைய ஒரே அளவு தள்ளி இருப்பதால், ஊர் கணக்குக்கும் விமான நிலையக் கணக்குக்கும் பெரிய வித்தியாசம் வருவதில்லை. பயணிக்கோ வித்தியாசம் பெரியது. கொழும்பு இருப்பது தெற்கே. நாம் காரில் ஏறிப் போவது வடக்கே. பிறகு விமானத்தில் ஏறி, விட்டு வந்த ஊரையே கடந்து தெற்கே திரும்புகிறோம். கொழும்புப் பக்கத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஊருக்கு வரும் வழியிலேயே விமானம் இறக்கி விடுகிறது. மிச்சத் தூரமும் அதே திசைதான்.

2008 மே மாதம் வரை விமானங்கள் ஊருக்குள்ளேயே இருந்த எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து கிளம்பின. முருகேஷ்பாளையாக்காரர்கள் மொட்டை மாடியில் நின்றே விமானத்தின் வயிற்றைப் பார்த்த காலம் அது. அங்கிருந்து கொழும்பு வான்வழியில் இருபத்தைந்து கிலோமீட்டர் போலக் குறைவு. அல்சூரிலிருந்து ஆட்டோவில் போய் இறங்கக்கூடிய தூரம். ஊர் வளர்ந்த வேகத்துக்கு அந்த நிலையம் போதவில்லை என்பது உண்மை. ஆனாலும் குறுந்தூரப் பயணிக்கு அந்த மாற்றம் எவ்வளவு நேரத்தைக் கூட்டியது என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பது என் வருத்தம்.

இந்த 710 கிலோமீட்டர் கோட்டை ஒரு வரைபடத்தில் அளவுகோல் வைத்து வரைந்து பாருங்கள். தேவனஹள்ளியில் தொடங்கி ஓசூருக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. தருமபுரியையும் சேலத்தையும் உரசிக்கொண்டு இறங்குகிறது. திருச்சிக்குச் சற்று மேற்கே காவிரியைத் தாண்டுகிறது. புதுக்கோட்டையை ஒட்டிப் போய், காரைக்குடிப் பக்கம் கடந்து, மண்டபத்தில் கரையை விடுகிறது. அப்புறம் மன்னார் வளைகுடா. மன்னார்த் தீவையும் கற்பிட்டியையும் இடது கைப் பக்கம் விட்டுவிட்டு, சிலாபம், நீர்கொழும்பு கரையோரமாகவே போய்க் கட்டுநாயக்காவில் முடிகிறது. பெங்களூரிலிருந்து சொந்த ஊருக்குப் பஸ் ஏறும் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பழக்கமான ஊர்ப் பெயர்கள்தான் இவை எல்லாம். ஓசூர், தருமபுரி, சேலம், திருச்சி, காரைக்குடி, ராமநாதபுரம் என்று கீழே ரோடு போகும் திசையிலேயே மேலே கோடும் போகிறது.

மண்டபம் வரும்போது ஒரு நிமிடம் நிற்கலாம். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில் என்று ஒரே சீட்டில் போக முடிந்தது. போட் மெயில் என்று மக்கள் சொன்னது அதைத்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் போனது. 1980களில் அதுவும் நின்றது. மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, பிறகு பிரிந்து போனார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போகும் விமானம், நேர்கோட்டுக் கணக்கில், கிளம்பி 463 கிலோமீட்டரில் அந்த இடத்துக்கு மேலே வருகிறது. போகும்போது இடது பக்க ஜன்னல், வரும்போது வலது பக்க ஜன்னல். வானம் தெளிவாக இருந்து, விமானமும் அந்தப் பக்கமாகப் போனால், பாம்பன் தீவும் அதன் நுனியிலிருந்து தலைமன்னார் நோக்கி நீளும் மணல் திட்டுகளும் தெரியும். பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அந்த ஜன்னலைக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

விமானம் அளவுகோல் வைத்த கோட்டில் அப்படியே போவதில்லை. வானத்திலும் குறிப்பிட்ட பாதைகள் உண்டு. ஐந்தெழுத்துப் பெயர் வைத்த புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும். தேவனஹள்ளிக்குப் பக்கத்திலேயே எலஹங்கா விமானப்படைத் தளம் இருக்கிறது. அதன் எல்லையை மதித்துத்தான் கிளம்பவும் இறங்கவும் முடியும். முதலில் பெங்களூர்க் கட்டுப்பாட்டு அறை, பிறகு சென்னை, கடல் நடுவே கொழும்பு என்று விமானத்தைக் கைமாற்றி விடுவார்கள். பெங்களூரின் இரண்டு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. தெற்கே போக வேண்டிய விமானம் கிழக்கே பார்த்தோ மேற்கே பார்த்தோ எழும்பி, அப்புறம்தான் திரும்பும். இதனால் 710 என்பது நிஜத்தில் சில பத்துக் கிலோமீட்டர் கூடிவிடும்.

இன்னொரு சின்ன விவரம். விமானம் எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்பது திசையைப் பொறுத்தது. திசைகாட்டியில் 0 முதல் 179 டிகிரி வரையுள்ள திசைகளில் போனால் ஒற்றைப்படை ஆயிரங்கள். மறு பாதி என்றால் இரட்டைப்படை ஆயிரங்கள். கொழும்புக்குப் போகும் திசை 160 டிகிரியை ஒட்டியது. ஆகவே போகும்போது 33,000 அல்லது 35,000 அடி. திரும்பும்போது 34,000 அல்லது 36,000 அடி. எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களுக்கு நடுவே ஆயிரம் அடி இடைவெளி இருக்க இந்த ஏற்பாடு.

இனி நேரம். ஏ320 போன்ற விமானம் முழு உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் பறக்கும். 710ஐ 830ஆல் வகுத்தால் 51 நிமிடம். டிக்கெட்டிலோ 1 மணி 20 நிமிடம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை போட்டிருக்கும். மிச்ச நேரம் எங்கே போகிறது?

முழு வேகம் என்பது இந்தப் பயணத்தில் மிகக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கிறது. தரையிலிருந்து 35,000 அடிக்கு ஏற இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 200 கிலோமீட்டர் கடந்திருக்கும், ஆனால் வேகம் குறைவு. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 463 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. இறங்குவதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு 1,000 அடிக்கும் மூன்று கடல் மைல். 35,000 அடியிலிருந்து இறங்க 105 கடல் மைல், அதாவது 195 கிலோமீட்டர் முன்பே விமானம் மூக்கைத் தாழ்த்த வேண்டும். ஏற 200, இறங்க 195 போக, 710இல் மிச்சம் இருப்பது 315 கிலோமீட்டர். 830 வேகத்தில் அதைக் கடக்க 23 நிமிடம் போதும். சேலத்தைத் தாண்டியபோதுதான் விமானம் உயரத்தை எட்டியிருக்கும். மண்டபத்தைத் தாண்டிச் சற்று நேரத்தில் வளைகுடாவுக்கு மேல் இறங்கத் தொடங்கிவிடும். பணிப்பெண்கள் அவ்வளவு அவசரமாகச் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்து, அதே அவசரத்தில் திருப்பி வாங்குவது இதனால்தான். மொத்தத்தில் சக்கரம் தரையைவிட்டு எழும்பியதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை ஒரு மணி ஐந்து நிமிடம் முதல் பத்து நிமிடம்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்த ஒரு மணி சொச்சம் அல்ல. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை எடுத்து விமானம் அசைந்த நொடியில் கணக்கு தொடங்குகிறது; அந்தப் பக்கம் நிறுத்துமிடத்தில் மறுபடி கட்டை வைக்கும்போது முடிகிறது. பெங்களூரில் டெர்மினலிலிருந்து ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போய், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகு ஐந்து நிமிடம். இதற்கு மேல் நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்புக்கும் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கின்றன. தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று விமானி பெருமையோடு அறிவிக்க முடிவது அந்தக் கூட்டலால்தான். இதில் தவறேதும் இல்லை. அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய உதவி.

தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போட்டுச் சொல்லும் தளங்கள் பெரும்பாலும் ஒரே சூத்திரத்தைத்தான் வைத்திருக்கின்றன. தூரத்தை 800ஆல் வகு, ஏறி இறங்க அரை மணி கூட்டு. 710க்கு இது 1 மணி 23 நிமிடம் என்று வரும். கொழும்புக்குப் பொருந்திப்போகிறது. ஆனால் அந்தச் சூத்திரத்துக்கு எந்த விமானம் என்று தெரியாது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே 355 கிலோமீட்டர்தான். சூத்திரப்படி ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அந்த வழியில் பறப்பது ஏடிஆர் என்ற சுழல்விசிறி விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டியது. ஆகவே டிக்கெட்டில் ஒன்றேகால் மணிக்குக் குறையாமல் இருக்கும். பெங்களூர்–கொழும்புத் தூரத்தில் சரிபாதி, நேரம் ஏறக்குறைய அதே. மறுபக்கம் பெங்களூர்–டெல்லியைப் பாருங்கள்: தூரம் கொழும்பைப் போல் இரண்டேகால் மடங்குக்கு மேல், நேரமோ இரண்டே முக்கால் மணிதான், அதாவது இரண்டு மடங்குகூட இல்லை. தூரம் கூடக் கூட முழு வேகத்தில் பறக்கும் பங்கு கூடுகிறது. சராசரி போட்டால் கொழும்புக்கு மணிக்கு 500 கிலோமீட்டர், டெல்லிக்கு 600க்கு மேல்.

காற்று? டெல்லியிலிருந்து மேற்கே போகிறவர்களுக்குக் குளிர்காலத்தில் எதிர்க்காற்று பெரிய விஷயம். போகும் நேரமும் வரும் நேரமும் அரை மணிக்கும் மேல் மாறும். பெங்களூர்–கொழும்புக்கு அந்தக் கவலை குறைவு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்றோட்டம் ஒன்று வீசும். 1950களில் அதை விளக்கி எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். ஆனால் நம் விமானம் வடக்கு தெற்காகப் போவதால் அந்தக் காற்று பக்கவாட்டில்தான் மோதுகிறது. போக வர நேரம் அதிகம் மாறாததற்கு அதுவே காரணம்.

நேரத்தை நிஜமாகவே மாற்றுவது ஓடுபாதையும் மூடுபனியும் மழை மேகமும். கட்டுநாயக்காவின் ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். தென்மேற்குக் காற்று வீசினால் வடக்கிலிருந்து வரும் நம் விமானம் வடகிழக்கு முனை வழியாகப் பெரிய வளைவு இல்லாமல் இறங்கிவிடலாம். வடகிழக்குக் காற்று என்றால் நிலையத்தைத் தாண்டிக் கடல் மேல் போய்த் திரும்பி வர வேண்டும். சில நிமிடங்கள் கூடும். பெங்களூரில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடியற்காலையில் தேவனஹள்ளிப் பக்கம் மூடுபனி இறங்கும். அந்த மாதங்களில் காலை ஐந்து ஆறு மணி விமானத்தை நம்பி, கொழும்பில் வேறு விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இடிமேகங்களைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். அதுவும் ஐந்து பத்து நிமிடம்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிக்கெட்டில் இருக்கும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரம். இந்தியாவும் இலங்கையும் இப்போது ஒரே நேரத்தில் இருப்பதால் வந்த நேரத்திலிருந்து கிளம்பிய நேரத்தைக் கழித்தால் போதும். 1996 மே மாதத்தில் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி இந்திய நேரத்துக்கு வந்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் போய்வந்தவர்கள் இன்றும் “அங்க அரை மணி முன்னால” என்று சொல்வார்கள். அது மாறிவிட்டது. மாலே என்றால் அரை மணி பின்னே, டாக்கா என்றால் அரை மணி முன்னே, காத்மாண்டு என்றால் கால் மணி முன்னே. இந்த ஊர்களுக்குக் கழித்தல் கணக்கு அப்படியே சரிவராது.

இனி வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரையுள்ள கணக்குக்கு வருவோம். எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில், இலங்கை மலையக ஊரான அட்டனில் பிறந்த ஓர் அம்மா இருக்கிறார். தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போகக் கிளம்பியபோது டிக்கெட்டை என்னிடம் நீட்டி, “ஒன்றரை மணி நேரந்தானே தம்பி போட்டிருக்கு, காலைல பத்து மணிக்குக் கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிரலாம்ல?” என்று கேட்டார். கையிலிருந்த பையில் மாத்திரை டப்பா. இரண்டு வேளை மாத்திரை மட்டும் எடுத்து வைத்திருந்தார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். விமானம் பத்து மணிக்கு. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் இருக்கும்போது செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள். 2023 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் டெர்மினலில். உள்ளே நடையும் அதிகம். ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்றால் போகும் வழியிலுள்ள ஹெப்பாள் நெரிசலைக் கணக்கில் வைத்து ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். பதினொன்றரைக்கு கட்டுநாயக்கா. இமிக்ரேஷன் வரிசை, பெட்டி வரும் வரை காத்திருப்பு என்று பன்னிரண்டரை. அங்கிருந்து அட்டனுக்கு மலை ரோட்டில் நான்கைந்து மணி நேரம். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் தங்கை வீடு.

பதினொன்றரை மணி நேரப் பயணம். அதில் விமானம் ஒன்றரை மணி. முழு வேகத்தில் பறந்தது 23 நிமிடம்.

அம்மா நான்கு வேளை மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டார், ஒரு சால்வையும்.

கொழும்பிலேயே வேலை முடிகிறவர்களுக்கு நிலைமை பரவாயில்லை. 2013இல் திறந்த கட்டுநாயக்கா விரைவுச் சாலையில் நகரத்தின் விளிம்புக்கு அரை மணியில் வந்துவிடலாம். தமிழர்கள் அதிகம் இருக்கும் வெள்ளவத்தைக்கு அங்கிருந்து நெரிசலைப் பொறுத்து இன்னும் அரை மணி, முக்கால் மணி. கண்டிக்கோ மலையகத்துக்கோ போகிறவர்கள் கொழும்புக்குள் நுழையவே தேவையில்லை. நிலையம் வடக்கில் இருப்பதால் அங்கிருந்தே கிழக்கே திரும்பிவிடலாம். தெரியாமல் கொழும்பில் அறை போட்டு, மறுநாள் அதே வழியில் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெங்களூரின் தெற்குப் பக்கத்தில், எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி என்று இருப்பவர்கள் வேறு ஒரு வழியையும் யோசிக்கலாம். இவர்களுக்கு தேவனஹள்ளி 55 கிலோமீட்டருக்கு மேல், நகரத்தை முழுக்கக் கடந்து போக வேண்டும். திருச்சியிலிருந்து கொழும்புக்கு 420 கிலோமீட்டர்தான், மதுரையிலிருந்து 355. இரண்டு ஊர்களிலிருந்தும் கொழும்புக்கு விமானம் உண்டு. இரவு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலையில் திருச்சி. சின்ன விமான நிலையம், நடை குறைவு. தமிழ்நாட்டில் எப்படியும் ஒரு வேலை இருக்கிறது, ஊருக்குப் போய்விட்டுப் போகலாம் என்றால் இது நல்ல வழி. அவசரத்துக்கு உதவாது. சென்னை வழியாகப் போவதில் நன்மை குறைவு: சென்னை–கொழும்பு 647 கிலோமீட்டர், பெங்களூரைவிட அறுபது கிலோமீட்டர் போலத்தான் மிச்சம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது. நான்கு மணி நேரப் பயணம். யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு அது உதவும். கொழும்புக்கு என்றால் இறங்கிய பிறகும் 400 கிலோமீட்டர் ரோடு இருக்கிறது.

யாழ்ப்பாணத்தின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி வழியாகச் சென்னைக்கு ஓட்டியது. அதாவது இலங்கையின் சொந்த விமான நிறுவனத்தின் முதல் சேவையே யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் இணைத்தது. பிறகு போர் வந்தது. அந்த வழி பல பத்தாண்டுகள் மூடிக் கிடந்தது. 355 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கு வர, யாழ்ப்பாணத்துக்காரர் முதலில் 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்குப் போய், அங்கிருந்து 647 கிலோமீட்டர் வடக்கே பறந்தார். 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. தொற்றுக் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. இன்றும் மூடியே கிடக்கும் வழியும் உண்டு: மும்பைக்கும் கராச்சிக்கும் நடுவே 875 கிலோமீட்டர். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா தபால் பைகளோடு தனி ஆளாகப் பறந்து இந்திய விமானப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்த வழி அது. கராச்சியிலிருந்து வந்த அந்தத் தபால் மும்பையிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரை போனது. இன்று மும்பைக்கும் கராச்சிக்கும் நடுவே நேர் விமானம் இல்லை. போக வேண்டியவர் துபாய் போன்ற மூன்றாவது நாட்டைச் சுற்றி, மூன்றரை மடங்கு தூரம் பறக்க வேண்டும். பக்கத்து நாட்டு ஊருக்கான பறக்கும் நேரத்தை முடிவு செய்வதில் பூகோளத்துக்கு ஓரளவு பங்குதான். இரண்டு அரசுகளும் பேசிக்கொள்கின்றனவா என்பது மீதி. பெங்களூர்–கொழும்புக்கு அந்த விதத்தில் குறையில்லை. ஸ்ரீலங்கனும் இண்டிகோவும் நேர் விமானம் ஓட்டுகின்றன.

மாற வேண்டியது பெங்களூரின் தரைப் பக்கம். சில்க் போர்டிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ பாதை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது ஓடத் தொடங்கினால் ஹெப்பாள் நெரிசலைக் கணக்கில் வைத்து ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டிய அவசியம் குறையும். 2024 ஜூனில் தமிழ்நாடு முதல்வர் மு.க. ஸ்டாலின் ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அதற்கு ஒரு தடை இருக்கிறது. தேவனஹள்ளி நிலையத்தை நடத்தும் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தப்படி, மைசூரையும் ஹாசனையும் தவிர 150 கிலோமீட்டர் தூரத்துக்குள் 2033 வரை வேறு புதிய விமான நிலையம் வரக் கூடாது. அந்தத் தடை நீங்கி ஓசூரில் ஓடுபாதை வந்தால், எலக்ட்ரானிக் சிட்டியிலிருக்கும் குடும்பத்துக்கு 55 கிலோமீட்டர் வடக்கே போவதற்குப் பதிலாகப் பாதித் தூரம், அதுவும் தெற்கே. கொழும்பு வான்வழியிலும் ஐம்பது கிலோமீட்டர் குறையும். பறக்கும் நேரத்தில் அதனால் நான்கைந்து நிமிடம்தான் மிச்சம். வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தில் ஒரு மணிக்கு மேல் மிச்சம்.